டியாகோ கார்சியா: மறுப்புச் சொல்ல ஆளில்லாத விமானத்தளம்

கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் கிடக்கும் டியாகோ கார்சியா என்னும் பவளத்தீவின் மொத்த நிலப்பரப்பு முப்பது சதுர கிலோமீட்டர் அளவே. அதன் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. சாகோஸ் தீவுக்கூட்டத்தின் அறுபதுக்குக் குறையாத தீவுகளில் இதுவே பெரியது. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்படுத்தப்பட்டு, அமெரிக்காவின் படைத்தளமாக ஆக்கப்பட்ட இந்தச் சிறு நிலத்துண்டிலிருந்துதான் 1991இல் ஈராக்கின் மீதும், 2001இல் ஆப்கானிஸ்தானின் மீதும், 2003இல் மறுபடியும் ஈராக்கின் மீதும் அமெரிக்காவின் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்துசென்று தாக்கின. 2025ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஏமனின் ஹூதி படையினர் மீது அமெரிக்கா தாக்குதல் நடத்திக்கொண்டிருந்த வேளையில், அந்நாட்டிடம் மொத்தமே இருபதுக்கு மேற்படாத பி-2 விமானங்களில் ஆறு இத்தீவில் வரிசையாக நின்றதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இத்தளத்தின் முக்கியத்துவத்தை விளக்க முற்படுவோர் முதலில் வரைபடத்தை விரிப்பது வழக்கம். அது தவறும் அன்று. ஆனால் வரைபடம் சொல்வது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இத்தீவுக்கென்று சொந்த மக்கள் இன்று அங்கே இல்லை என்பதிலும், அவர்கள் அங்கே இல்லாமற் போனது இரு அரசுகள் கூடித் திட்டமிட்டு எடுத்த முடிவால் என்பதிலும் அடங்கியிருக்கிறது. படைத்துறையைப் பற்றி எழுதுவோர் மக்கள் வெளியேற்றப்பட்டதை ஓர் அடிக்குறிப்பாகவும், மனித உரிமை பற்றி எழுதுவோர் விமானத்தளத்தை வெறும் பின்னணியாகவும் கொள்வதால், தளத்தின் பயனும் மக்களுக்கு நேர்ந்த அநீதியும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை என்பது பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியே விமானத்தளம் வைத்திருப்பதன் தேவை மூன்று வகைப்பட்டது. முதலாவது தொலைவு: எவ்வளவு பெரிய விமானமானாலும் அது சுமக்கும் எரிபொருளும் குண்டுகளும் ஒன்றுக்கொன்று போட்டியிடுபவை, பறக்க வேண்டிய தொலைவு கூடக் கூட, எரிபொருளின் எடை ஏறிக் குண்டுகளின் எடை குறைகிறது, வானத்திலேயே எரிபொருள் நிரப்பித் தரும் தாங்கி விமானங்களின் தேவையும் பெருகுகிறது. இரண்டாவது, ஓயாத வழங்கல்: ஒருமுறை தாக்கித் திரும்புவதற்கும், மாதக்கணக்கில் நாள்தோறும் தாக்குவதற்கும் உள்ள வேறுபாடு விமானியின் திறமையில் இல்லை, எரிபொருள் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, பழுதுபார்க்கும் பட்டறை, துறைமுகம், தங்குமிடம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. 2001 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து கிளம்பிய பி-2 விமானங்கள் ஆப்கானிஸ்தானின் மீது குண்டு வீசிவிட்டு டியாகோ கார்சியாவில் வந்து இறங்கியபோது, நாற்பது மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பறந்திருந்தன. அத்தகைய பயணத்தை நாள்தோறும் நடத்த எந்த வான்படையாலும் இயலாது. மூன்றாவது அனுமதி. தளம் பிறர் மண்ணில் இருப்பதால், அங்கிருந்து எந்தப் போருக்குப் பறக்கலாம், எதற்குப் பறக்கக்கூடாது என்று சொல்லும் உரிமை அந்த மண்ணுக்குரிய அரசிடம் இருக்கிறது. முதலிரண்டையும் பணத்தாலும் பொறியியலாலும் ஈட்டிவிடலாம், மூன்றாவதை அப்படி ஈட்ட முடிவதில்லை.

அனுமதி மறுக்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். பிலிப்பைன்ஸ் நாட்டின் செனட் 1991 செப்டம்பரில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் புதிய ஒப்பந்தத்தை நிராகரித்ததால், ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கிய சூபிக் விரிகுடாத் தளத்தை அமெரிக்கா மறு ஆண்டே காலி செய்ய நேர்ந்தது. கிளார்க் வான்தளம் அதற்கு முன்பே பினட்டுபோ எரிமலையின் சாம்பலில் புதைந்திருந்தது. 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் தேவையான பெரும்பான்மை கிடைக்காததால், வடக்கிலிருந்து ஈராக்குக்குள் படை நடத்தும் திட்டமே கைவிடப்பட்டது. உஸ்பெகிஸ்தான் 2005இல் அமெரிக்கப் படைகளை வெளியேறச் சொன்னது. கிர்கிஸ்தானின் மனாஸ் தளம் 2014இல் மூடப்பட்டது. கிளார்க்கைத் தவிர இவற்றுள் எந்த இடத்திலும் ஓடுபாதை குறைபட்டதில்லை; மாறியது அனுமதி மட்டுமே.

இந்தப் பின்னணியில் வரைபடத்தைப் பார்த்தால்தான் டியாகோ கார்சியாவின் இருப்பிடம் முழுப் பொருள் பெறும். பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை, செங்கடலின் வாயிலான பாபெல் மந்தெப் நீரிணை ஆகிய இரண்டும் அங்கிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவிலும், கிழக்கே மலாக்கா நீரிணையின் நுழைவாயில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கின்றன. உலகின் எண்ணெயிலும் சரக்கிலும் பெரும்பங்கு இம்மூன்று குறுகிய வாயில்களின் வழியாகவே செல்கிறது. வானில் எரிபொருள் நிரப்பாமலே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் பறக்க வல்ல பி-52 விமானத்துக்கு இத்தொலைவுகள் ஒரு நாள் வேலை; அதே வேளையில், எதிரியின் சாதாரணப் போர் விமானங்களும் குறுந்தொலைவு ஏவுகணைகளும் எட்டிவிட முடியாத அளவுக்கு இத்தீவு ஒதுங்கியும் இருக்கிறது. தாக்குவதற்குப் போதுமான அண்மையும் தாக்கப்படாமல் இருப்பதற்குப் போதுமான தொலைவும் ஓரிடத்தில் அமைவது அரிது.

இயற்கையின் அமைப்பும் துணை நிற்கிறது. வடக்கே மட்டும் வாய் திறந்த வளையமாக நிலம் ஒரு பெரிய காயலைச் சூழ்ந்துகொண்டிருப்பதால், பவளப்பாறைகளை வெட்டி ஆழப்படுத்தியபின் அக்காயல் பெருங்கப்பல்கள் அமைதியாக நங்கூரமிடும் துறைமுகமாயிற்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கடும் புயல்கள் அரிதாகவே வருகின்றன. தீவைச் சுற்றிக் கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால், 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் சீரழித்த ஆழிப்பேரலை இத்தளத்துக்குக் குறிப்பிடத்தக்க சேதம் எதையும் விளைவிக்கவில்லை. மேற்குக் கரத்தில் ஏறத்தாழ 3,650 மீட்டர் நீளத்துக்கு விரியும் ஓடுபாதை, முழுச் சுமையுடன் எழும் குண்டுவீச்சு விமானத்துக்கும் போதுமானது; அமெரிக்க விண்வெளி ஓடங்கள் இடர் நேர்ந்தால் இறங்குவதற்கெனக் குறிக்கப்பட்டிருந்த இடங்களுள் அதுவும் ஒன்றாக இருந்தது. ரேடாருக்கு எளிதில் அகப்படாத பி-2 விமானத்தின் புறப்பூச்சு ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காதது என்பதால், அதைப் பேணுவதற்கென்றே குளிரூட்டப்பட்ட கொட்டகைகள் இங்கே நிறுவப்பட்டன.

ஆயினும் விமானங்களை மட்டும் கொண்டு இத்தளத்தை அளப்பது போதாது. காயலில் நிரந்தரமாக நிறுத்தப்படும் சரக்குக் கப்பல்களில் டாங்கிகள், பீரங்கிகள், வெடிமருந்து, குடிநீர் ஆக்கும் கருவிகள், உணவு எனப் பல்லாயிரம் வீரர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் போரிடத் தேவையான அனைத்தும் முன்கூட்டியே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். நெருக்கடி வந்தால் வீரர்கள் வெறுங்கையுடன் விமானத்தில் போய் இறங்க, அவர்களுக்குரிய தளவாடங்கள் கப்பலில் வந்து சேரும். 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது இந்த ஏற்பாடு முதன்முறையாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. டியாகோ கார்சியாவிலிருந்து கிளம்பிய கப்பல்கள் அம்மாத நடுவிலேயே சவுதி அரேபியாவின் ஜுபைல் துறைமுகத்தை அடைந்தன. வானத்தையும் இத்தீவு கவனித்துக்கொண்டிருக்கிறது. தொலைதூர விண்கலங்களைத் தொடரும் தொலைநோக்கி நிலையம் ஒன்று இங்கே உண்டு. கைப்பேசியில் வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களுக்குக் கட்டளைகளையும் திருத்தங்களையும் அனுப்பும் தரை அலைவாங்கிகளுள் ஒன்றும் இங்கேதான் நிற்கிறது. சென்னையில் வாடகை வண்டிக்குக் காத்திருப்பவரின் அன்றாடமும் அந்த வகையில் இத்தீவுடன் இணைந்திருக்கிறது.

இத்தீவின் பயனைக் கடற்படைகள் உணர்ந்தது புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன், அதற்கடுத்த மாதம் டியாகோ கார்சியாவில் நங்கூரமிட்டு, அடிப்பாகத்தைச் சுத்தம் செய்துகொண்டு நிலக்கரி ஏற்றியது. உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தும் அச்செய்தியே எட்டாத தீவுவாசிகள், பிரிட்டிஷ் ஆளுகைக்கு உட்பட்டவர்களாக இருந்தும் அக்கப்பலை விருந்தினராகவே வரவேற்றனர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் வான்படையின் கேட்டலினா வகைக் கடல்விமானங்கள் இக்காயலில் இறங்கின. அப்போதெல்லாம் இங்கே மக்கள் இருந்தார்கள். தளமும் குடியிருப்பும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

அம்மக்களின் வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. மொரீஷியஸைக் கைக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே தென்னந்தோப்புகளை எழுப்பினர். 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் மொரீஷியஸும் அதன் சார்புத் தீவுகளும் பிரிட்டனிடம் வந்தன. 1835இல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் இவர்களோடு கலந்தனர். இவ்வாறு உருவான சாகோசியர், தமக்கென ஒரு கிரியோல் மொழியும், தேங்காயையும் மீனையும் சுற்றி அமைந்த உணவும், கல்லறைகளும் தேவாலயமும் கொண்ட ஒரு சமூகமாக நான்கைந்து தலைமுறைகள் வாழ்ந்தனர். கொப்பரை உலர்த்தி எண்ணெய் ஆட்டுவதே தொழில். கூலி குறைவு, தோட்ட முதலாளிகளின் அதிகாரம் அதிகம். ஆனாலும் வீடும் மண்ணும் அவர்களுடையவை என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றபோது, மேலை நாடுகளின் படைத்துறைத் திட்டக்காரர்களுக்கு ஒரு கவலை பிறந்தது. விடுதலை பெற்ற மக்கள் அந்நியத் தளங்களை விரும்புவதில்லை; இலங்கையில் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்த மறு ஆண்டான 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்கா வான்தளத்தையும் பிரிட்டன் கையளிக்க நேர்ந்தது இதற்கு அருகிலுள்ள சான்று. பிரிட்டன் அப்போது மாலத்தீவின் தெற்கு முனையிலுள்ள கான் தீவுக்குப் பெயர்ந்தது. அங்கும் 1976க்கு மேல் நீடிக்கவில்லை. அமெரிக்கக் கடற்படையில் சிவிலியன் திட்ட அலுவலராக இருந்த ஸ்டூவர்ட் பார்பர் 1950களின் இறுதியில் முன்வைத்த கருத்து இந்தக் கவலைக்கான விடையாக வந்தது: பெரிய நிலப்பரப்புகளிலும் மக்கள் மிகுந்த தீவுகளிலும் தளம் தேடுவதை விட்டுவிட்டு, மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட, காலனி ஆட்சியிலிருந்து பிரிந்துபோக வாய்ப்பில்லாத சிறு தீவுகளை விடுதலை அலை எட்டுவதற்குள் கைப்பற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். இத்திட்டத்தில் மக்களின் எண்ணிக்கை குறைவாயிருப்பது ஓடுபாதையின் நீளத்துக்கு ஒப்பான ஒரு படைத்துறைத் தகுதியாகக் கணக்கிடப்பட்டது. டியாகோ கார்சியாவின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து புறப்படுகிறது.

1965 நவம்பர் 8 அன்று, மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்குள்ளாக, சாகோஸ் தீவுகளை அந்நாட்டிலிருந்து பிரித்துப் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி என்னும் புதுக் காலனி ஒன்றைப் பிரிட்டன் உருவாக்கியது. மொரீஷியஸின் தலைவர்களுக்கு முப்பது லட்சம் பவுண்டு தரப்பட்டது. விடுதலைப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த வேளையில் கேட்கப்பட்ட ஒப்புதல் எவ்வளவு உரிமையோடு தரப்பட்டிருக்க முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலனி ஒன்றை விடுதலைக்கு முன் துண்டாடலாகாது என்று 1960இலேயே முழங்கியிருந்த ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அடுத்த மாதமே தன் எதிர்ப்பைத் தீர்மானமாகப் பதிவு செய்தது. 1966 டிசம்பர் 30 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் பரிமாறிக்கொண்ட குறிப்புகளின்படி தீவுகள் ஐம்பது ஆண்டுகளுக்கும், மறுப்பு எழாவிட்டால் மேலும் இருபது ஆண்டுகளுக்கும் படைத்துறைப் பயனுக்கு ஒதுக்கப்பட்டன. வெளிப்படையாக வாடகை எதுவும் இல்லை. ஆனால் நீர்மூழ்கிகளுக்கான போலாரிஸ் ஏவுகணையை வாங்கியதில் பிரிட்டன் செலுத்த வேண்டியிருந்த ஆராய்ச்சிக் கட்டணத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை இரகசியமாகத் தள்ளுபடி செய்யப்பட்டதும், அதை இரு நாட்டு மக்கள் மன்றங்களிடமிருந்தும் மறைத்ததும் 1975இல் வெளிவந்தன.

அதன்பின் நடந்தது, ஒரு சமூகத்தை ஏட்டில் இல்லாமற் செய்துவிட்டுப் பிறகு மண்ணிலும் இல்லாமற் செய்த வேலை. நிலையான குடிகள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் அவர்களது நலனைப் பற்றி ஐ.நா.விடம் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டியிருக்கும் என்பதால், தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தவர்களைத் தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர் என்று காட்டுவதென அதிகாரிகள் தீர்மானித்தனர்; பின்னாளில் நீதிமன்றங்களில் வெளிவந்த அவர்களது உள்குறிப்புகளே இதற்குச் சான்று. 1968 முதல், மருத்துவத்துக்கோ உறவினரைக் காணவோ மொரீஷியஸுக்குச் சென்ற சாகோசியர் திரும்பிவரக் கப்பலேற முயன்றபோது, இனி அவர்கள் ஊருக்குப் போக முடியாது என்று மட்டும் சொல்லப்பட்டது. தோட்டங்கள் மூடப்பட்டன, மாவும் மருந்தும் வருவது சுருங்கியது. 1971இல் டியாகோ கார்சியாவில் எஞ்சியிருந்தோர் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்கள் வளர்த்த ஏறத்தாழ ஆயிரம் நாய்கள் கொப்பரை உலர்த்தும் கொட்டிலில் அடைக்கப்பட்டு நச்சுப்புகையால் கொல்லப்பட்டன. சிலர் முதலில் பெரோஸ் பான்யோஸ், சாலமன் ஆகிய அண்டைத் தீவுகளுக்கு மாற்றப்பட்டு, 1973க்குள் அங்கிருந்தும் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர் வரை இவ்வாறு மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டு, வேலையும் வீடுமின்றி போர்ட் லூயிஸ் நகரின் சேரிகளில் ஒதுங்கினர். இழப்பீடாக வந்த தொகைகள் தாமதமாகவும் சொற்பமாகவும் வந்தன. சில ஆவணங்களில் அவர்கள் இட்ட கைநாட்டு, திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பிறகு அவர்களுக்கு எதிராகவே காட்டப்பட்டது.

இதே ஆண்டுகளில், இன்று செஷல்ஸுக்கு உட்பட்ட அல்டாப்ரா தீவில் பிரிட்டிஷ் வான்தளம் அமைக்கும் திட்டமும் இருந்தது. அங்குள்ள இராட்சத ஆமைகளையும் அரிய பறவைகளையும் காக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் உலக அளவில் குரல் எழுப்ப, செலவுச் சுருக்கமும் சேர்ந்துகொள்ள, 1967இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகளுக்காக எழுந்த குரல் நியாயமானது. சாகோசியருக்காக அப்போது அப்படியொரு குரல் எழாததற்குக் காரணம், அவர்கள் இருக்கிறார்கள் என்பதே வெளியுலகத்துக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டிருந்ததுதான்.

அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் 1971 மார்ச்சில் வந்திறங்கினர். தொடக்கத்தில் இது ஓர் எளிய தகவல்தொடர்பு நிலையம் என்றே சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, என்டர்பிரைஸ் என்னும் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் தலைமையில் அமெரிக்கப் படையணி ஒன்று வங்காள விரிகுடாவுக்குள் வந்தது இந்தியாவின் நினைவில் ஆழப் பதிந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே டிசம்பர் 16 அன்று, சிறிமாவோ பண்டாரநாயக்காவின் இலங்கை அரசு முன்வைத்த, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. தீர்மானம் ஏட்டில் நின்றது, ஓடுபாதை நீண்டது. 1979இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்து, ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தபின், வளைகுடாவை எட்டக்கூடிய, பிரிட்டனைத் தவிர வேறு யாருடைய அனுமதிக்கும் காத்திராத தளம் அமெரிக்காவுக்கு இது ஒன்றுதான் என்றாகி, 1980களில் பெரும் விரிவாக்கம் நடந்தது. ஈரானின் கதை இங்கே கருதத்தக்கது: நெருங்கிய நட்பு நாடு ஒன்று ஒரே ஆண்டில் பகைநாடாக மாறியதைக் கண்டவர்களுக்கு, ஆட்சி மாற்றமே நிகழ முடியாத ஓரிடத்தின் மதிப்பு பன்மடங்காகத் தெரிந்ததில் வியப்பில்லை.

2001இல் அதன் பயன் முழுமையாக வெளிப்பட்டது. ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரை இல்லை. அண்டை நாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் நிபந்தனைகளை விதித்தன. 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த டியாகோ கார்சியாவிலிருந்து பறந்த பி-52, பி-1 விமானங்கள் எண்ணிக்கையில் இருபதை எட்டாதவை; தாக்குதல் பறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மேற்கொண்டும், தொடக்க மாதங்களில் வீசப்பட்ட குண்டுகளின் எடையில் பெரும்பகுதியை அவையே வீசின. மறுப்பதற்கு ஆளில்லாத இடத்தில் கேள்வி கேட்பதற்கும் ஆளிருப்பதில்லை என்பதும் அக்காலத்திலேயே தெரிந்தது: பயங்கரவாத ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர்களை நீதிமன்றமின்றி நாடு விட்டு நாடு கடத்திய அமெரிக்க விமானங்கள் இரண்டு 2002இல் இத்தீவில் இறங்கி எரிபொருள் நிரப்பியதை, பல ஆண்டுகள் மறுத்துவந்த பிரிட்டிஷ் அரசு, 2008இல் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் வாயிலாக நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

ஆனால் மக்களை அகற்றிப் பெற்ற இந்த உறுதியே, காலப்போக்கில் தளத்தின் பெரிய பலவீனமாக மாறியது. சாகோசியர் தலைவர் ஒலிவியே பான்கூல் தொடுத்த வழக்கில், வெளியேற்றத்துக்கு ஆதாரமான ஆணை செல்லாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2000 நவம்பரில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தைக் கலக்காமலே பிறப்பிக்கப்படும் அரச ஆணைகளைக் கொண்டு 2004இல் அரசு அந்த வழியை மறுபடி அடைத்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றனர். உள்நாட்டு நீதிமன்றக் கதவு மூடியபின் வழக்கு உலக அரங்குக்கு ஏறியது. சாகோஸைப் பிரித்தது சட்டத்துக்குப் புறம்பானது, பிரிட்டன் தன் நிர்வாகத்தை இயன்ற விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று கருத்துரை வழங்கியது. மூன்றே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை 116க்கு 6 என்ற வாக்குகளில் அதை வழிமொழிந்தது. இந்தியா மொரீஷியஸின் பக்கம் வாக்களித்தது. 2021 ஜனவரியில் பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வும் தீவுகள் மொரீஷியஸுக்குரியவை என்ற அடிப்படையிலேயே முடிவு சொன்னது.

அந்த ஆண்டிலேயே, ஆளில்லாத தீவாகக் காக்கப்பட்ட இடத்துக்கு எதிர்பாராத மனிதர்கள் வந்து சேர்ந்தனர். 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிச் சென்ற மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் பழுதாகித் தத்தளிக்க, அதிலிருந்த இலங்கைத் தமிழர்கள் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். குழந்தைகளும் இருந்த அக்குழுவினர் புகலிடம் கோரினர். வேறு சில படகுகளும் பின்னர் வந்தன. குடியேற்றச் சட்டமோ குடியிருப்போ இல்லாத படைத்தளத்தில், வேலியிட்ட சிறு முகாமொன்றில், எலிகள் புகும் கூடாரங்களில், அவர்களுள் பலர் மூன்றாண்டுகள் கழித்தனர். உண்ணாவிரதங்களும் தற்கொலை முயற்சிகளும் நிகழ்ந்தன. பெரும்பாலோர் 2024 டிசம்பரில் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்பளித்தது. மக்களே இருக்கக்கூடாது என்று வகுக்கப்பட்ட ஓரிடத்தில், கடல் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்குரிய உரிமை என்ன என்ற கேள்விக்கு எந்த விதியும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

இந்தியாவின் நிலை இந்த அரை நூற்றாண்டில் வெகுவாக மாறியிருக்கிறது. இந்திரா காந்தியின் காலத்தில் இத்தளத்தை வெளிப்படையாக எதிர்த்த புதுதில்லி, சீனக் கடற்படை ஜிபூட்டியில் 2017இல் தளம் திறந்து இப்பெருங்கடலில் நிலைகொண்டபின், அமெரிக்க இருப்பை ஓர் எதிர்ச்சுமையாகவே காண்கிறது. மொரீஷியஸின் உரிமையை ஆதரிப்பதும், தளம் தொடர்வதில் முரண்படாதிருப்பதும் அதன் இன்றைய போக்கு. அதே மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டித் தந்த, பெரிய கண்காணிப்பு விமானங்களும் இறங்கத்தக்க ஓடுபாதை 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டது. அது படைத்தளம் அன்று என்றே இரு அரசுகளும் கூறுகின்றன. அங்கே சில நூறு மக்கள் வாழ்கின்றனர். டியாகோ கார்சியாவின் வரலாற்றை அறிந்த அவர்கள் தம் எதிர்காலம் குறித்து அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு இடம் தராமல் நடப்பது இந்தியாவின் கடமை.

உரிமைச் சிக்கலால் தளத்தின் செயற்பாடே ஒருநாள் தடைபடக்கூடும் என்று கருதிய பிரிட்டன், 2024 அக்டோபரில் மொரீஷியஸுடன் உடன்பாடு கண்டு, 2025 மே 22 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன்படி சாகோஸ் முழுவதன் இறையாண்மையும் மொரீஷியஸுக்குரியது. டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில், ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு, பிரிட்டனின் கட்டுப்பாட்டில் இருக்கும். 1966இல் வாடகையின்றிப் பெற்ற தீவுக்கு விதிக்கப்பட்ட இத்தொகை, அனுமதி என்பதற்கு இன்று என்ன விலை என்பதைக் காட்டும் நேரான அளவுகோல். பேச்சுவார்த்தை மேசையில் சாகோசியருக்கு இடம் இருக்கவில்லை; மொரீஷியஸின் உரிமையை ஏற்போர், பிரிட்டனின் ஆட்சியிலேயே தீவுகள் தொடர விழைவோர், இரண்டையும் மறுத்துத் தம் விருப்பம் கேட்கப்பட வேண்டும் என்போர் என அவர்கள் பிரிந்து நிற்கின்றனர். கையெழுத்தாக வேண்டிய நாளின் அதிகாலையில், அத்தீவில் பிறந்த இரு பெண்களின் மனுவின் பேரில் லண்டன் உயர் நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. சில மணி நேரத்தில் அத்தடை நீக்கப்பட்டு, அன்றே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒப்பந்தப்படி ஏனைய தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, சாகோசியர் நலனுக்கென 4 கோடி பவுண்டு கொண்ட நிதியமும் உண்டு. டியாகோ கார்சியாவில் மட்டும் மீள்குடியேற்றம் இல்லை. அதைச் சுற்றி 24 கடல் மைல் வரை பிரிட்டனின் இசைவின்றி எதையும் கட்டவோ நிறுவவோ கூடாது என்றும், மற்றத் தீவுகளில் வேற்று நாட்டுப் படைகள் இசைவின்றிக் காலூன்றக் கூடாது என்றும் அவ்வொப்பந்தம் வரையறுத்திருக்கிறது.